இரண்டு தடவை பெய்த மழை

— சாவியை எடு. அதை மேஜைல வைக்காதே.

— வச்சுட்டேன் மேடம். ரூமைக் கூட்டிப் பெருக்கியாச்சு. அலமாரி காலி. ஜன்னல் கொக்கி நான் வர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சிருந்தது, அது என் தலையில விழக்கூடாது. அவ்வளவுதான்.

— ஜன்னல் கொக்கியைப் பத்தி நான் கேட்டேனா?

— விடுதியைக் காலி பண்றவங்க வார்டன்கிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டுப் போகணும்னு வாசல்ல போர்டு வச்சிருக்கீங்களே.

— அந்த போர்டை எழுதினதே நான்தான். வருஷக் கடைசியிலன்னும் அதுல எழுதியிருக்கேன். நீ வந்து ஒண்ணரை மாசம்கூட ஆகலையேம்மா. காலையிலேருந்து எனக்கு ஒரு வாய் டீ உள்ளே போகல. ரெண்டாவது மாடி குளியலறையில குழாய் பிடுங்கிக்கிட்டு படியெல்லாம் தண்ணி. பிளம்பர் நேத்துலேருந்து 'இதோ வந்துட்டேன்'னு வந்துக்கிட்டே இருக்கார். இதுக்கு நடுவுல நீ வேற சாவியைக் கொண்டுவந்து நீட்டற. எடுத்துக்கிட்டு வகுப்புக்குப் போ.

— வகுப்புக்கு எப்படிப் போறது மேடம்? நான்தான் அந்த ஆள்.

— எந்த ஆள்?

— புரொஃபசர் தேடிக்கிட்டு இருக்காரே, மூணாவது கணக்கை வெளிய சொன்ன ஆள். அது நான்தான்.

— ஓஹோ.

— என்ன மேடம், ஓஹோங்கறீங்க?

— வேற என்ன சொல்லணும்? கதவைச் சாத்திட்டு உட்காரு. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இப்படி வா. ஆங். இப்ப நிதானமா சொல்லு. நீயா வந்தியா, யாராவது போகச் சொல்லி வந்தியா?

— நானாத்தான் வந்தேன். நேத்து வகுப்புல அவரு மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க. பன்னிரண்டு பேப்பரை எடுத்து மேஜைல போட்டார். 'ஹானர்ஸ்னு பேரு. தனித்தனியா யோசிச்சு எழுதுங்க, யார்கிட்டயும் வாய் திறக்காதீங்கன்னு சொல்லித்தானே கொடுத்தேன், பன்னிரண்டு பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்'னு கேட்டார். சொல்லிக் கொடுத்த ஆள் இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஒத்துக்கிட்டா அந்த ஒருத்தியோட சீட்டு மட்டும்தான் போகும், இல்லன்னா பன்னிரண்டு பேரும் ஹானர்ஸை விட்டுப் போகணும்னுட்டார்.

— எனக்கும் போன் பண்ணி அதையேதான் கத்தினார். உங்க பன்னிரண்டு பேர் பேப்பர்லயும் மழை ரெண்டு தடவை பெய்யுதாமே.

— ஆமாம் மேடம். ஒரு கட்டடம், அதுக்குக் கூரை இவ்வளவு பரப்பு, வருஷத்துக்கு இவ்வளவு மழை, எவ்வளவு பெரிய தொட்டி கட்டணும்னு கேள்வி. கூரைமேல விழற மழையைக் கணக்குல எடுத்துக்கிட்டேன். அதே மழை குழாய் வழியா இறங்கி வருது இல்லையா, அதையும் தனியா எடுத்துச் சேர்த்துட்டேன். ஒரே தண்ணி. சின்னப் பிள்ளைகூடப் பண்ணாது இந்தத் தப்பை.

— சரி. யார்கிட்ட சொன்ன?

— என் ரூம்காரிகிட்ட.

— ரேடியோகிட்டயா?

— நீங்களுமா மேடம் அவளை அப்படிக் கூப்பிடறீங்க?

— இந்த விடுதியில அவளை வேற எப்படிக் கூப்பிடறாங்க? அவ படியேறி வர்றதுக்கு முன்னாடி அவ பேச்சு வந்து சேர்ந்துடுமே. எங்க வச்சு சொன்ன?

— கீழ, துணி துவைக்கற ரூம்ல. ரெண்டு பேரும் துணி போட்டுட்டு உட்கார்ந்திருந்தோம். அவதான் மூணாவது கணக்கை எப்படிப் போட்டன்னு கேட்டா. சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். அவ ஊருக்கே சொல்லியிருப்பா. அவகிட்ட சொன்னது என் தப்பு. அவ்வளவுதான்.

— பேப்பர்ல எழுதிக் காட்டினியா?

— அங்க ஏது பேப்பர்? ட்ரையர் ஓடினா ஜன்னல் கண்ணாடி பூரா ஆவி படிஞ்சிடும். அதுல எழுதிக் காட்டினேன்.

— எதால எழுதின?

— விரலாலதான். ஏன் மேடம், தலையில கை வச்சுக்கிட்டீங்க? தலைவலியா?

— தலைவலி இப்ப வந்ததில்ல. காலையில ஏழு மணிக்கே வந்துடுச்சு. நான் பல்லு தேய்ச்சுக்கிட்டு இருக்கேன், உன் ரேடியோ வந்து கதவைத் தட்டினா. 'மேடம், கணக்கை வெளிய சொன்னது நான்தான், கண்ணாடில விரலால எழுதிக் காட்டினேன்'னா. சரிம்மா, போய் வகுப்புக்குக் கிளம்புன்னு அனுப்பிட்டுத் திரும்பறேன், மூலை ரூம் பொண்ணு நிக்கறா. அவளும் கண்ணாடி, அவளும் விரல்.

— என்ன மேடம் சொல்றீங்க?

— அப்புறம் அந்த மேடைப் பேச்சுக்காரி வந்தா. குத்தத்தை ஒத்துக்கறதுக்கே முன்னுரை, முடிவுரை. நடுவுல தண்ணி வேற வாங்கிக் குடிச்சா. அவ போனதும் கைக்குக் கட்டுப் போட்டிருக்காளே, அவ. எந்தக் கையால எழுதினன்னு கேட்டேன், கட்டுப் போட்ட கையையே தூக்கிக் காட்டறா. இன்னொருத்தி, தன் ரூம் ஜன்னல்லதான் எழுதினாளாம். அவ ரூம் ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது, பலகை அடிச்சு வச்சிருக்கு. ஒருத்தி பாவம், உள்ளே வந்ததும் அழ ஆரம்பிச்சு, எதுக்கு வந்தோம்னே மறந்துட்டா. நான்தான் 'கண்ணாடியா, விரலா'ன்னு எடுத்துக் கொடுக்க வேண்டியதாப் போச்சு. எல்லாம் பள்ளிக்கூடத்துல முதல் மார்க் வாங்கிட்டு வந்த பிள்ளைங்க. ஒரு பொய்யை ஒழுங்கா சொல்லத் தெரியுதா?

— எல்லாருமா?

— பன்னிரண்டு பேர்ல கடைசியா வந்தது நீ. குளிச்சுட்டு நிதானமா வந்திருக்க.

— பெட்டி கட்டிக்கிட்டு இருந்தேன் மேடம்.

— தெரியும். அதைத்தான் மாடி பூரா உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்கே.

— இவங்க எதுக்கு மேடம் இதுல வந்து விழறாங்க? என்னை அவங்களுக்குத் தெரியவே தெரியாது. என்னை எல்லாரும் 'பூட்டு'ன்னுதான் சொல்றாங்க. என் காதுபடவே சொல்றாங்க.

— ஏன் சொல்ல மாட்டாங்க? சாயங்காலம் கதவு திறக்கிற நேரம்னு ஒண்ணு வச்சிருக்கோம். இந்த விடுதி ஆரம்பிச்ச நாள்லேருந்து நடக்கற பழக்கம். மாடியில ஒவ்வொரு கதவுக்கும் ஒரு செருப்பை முட்டுக் கொடுத்துத் திறந்து வச்சிருப்பாங்க. யாரும் யார் ரூமுக்கும் போகலாம், வரலாம், சும்மா உட்காரலாம். உன் கதவு மட்டும் அடைச்சிருக்கும். உன் ரூம்காரி சொந்த ரூமுக்கு வெளிய, வராந்தாவுல நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பா. கேட்டா 'உள்ளே காத்து வரல மேடம்'ங்கறா.

— நான் அவளை வெளிய போகச் சொன்னதே இல்ல.

— நீதான் எதுவுமே சொல்றதில்லையே. அதானே கொடுமை.

— மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா? நான் இங்க சேர்ந்ததே இன்னொருத்தி இடத்துல. யாரோ ஒருத்தி வேற கல்லூரி கிடைச்சுதுன்னு போனா. காத்திருந்தவங்கள்ல கடைசியா இருந்த எனக்கு ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டாங்க. மத்தவங்க எல்லாரும் அப்படி இல்ல. முதல் நாள் வகுப்புல ஒவ்வொருத்தியும் பேசப் பேச நான் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துட்டேன். வாயைத் திறந்தா நான் யாருன்னு தெரிஞ்சிடும். அதான் திறக்கல. ஒரே ஒரு நாள் திறந்தேன். அன்னிக்கும் தப்பு. அந்தத் தப்பை பன்னிரண்டு பேர் எழுதி வச்சிருக்காங்க. இதுக்கு மேல நான் எப்படி இங்க இருக்கறது?

— இரு, இரு. கதவு தட்டுது. பிளம்பரா இருந்தா அவர் காலைத் தொட்டுக் கும்பிடறேன். வாங்க, உள்ளே வாங்க.

— மேடம், அவ பேச்சை நம்பாதீங்க, அவ சொல்றது பூரா பொய்.

— வந்துட்டியா, ரேடியோ? உன்னை நான் வகுப்புக்குல்ல அனுப்பினேன்?

— போனேன் மேடம், சத்தியமா பாதி தூரம் போயிட்டேன். அப்புறம் திரும்பிப் பார்த்தா வாசல்ல இவ பெட்டி இருக்கு. ஏய் பூட்டு, உனக்கு என்னடி பிரச்சினை? நாங்க காலையிலேருந்து ஒருத்தி மாத்தி ஒருத்தி வந்து மேடத்தைக் குழப்பி வச்சிருக்கோம், நீ வந்து தெளிவா சொல்லிட்டா எல்லாம் பாழாப் போயிடும்ல?

— குழப்பி வச்சிருக்கோம்னு என் முன்னாடியே சொல்றியா நீ?

— ஐயோ, உங்களை இல்ல மேடம். பொதுவா சொன்னேன்.

— இவ்வளவு பேரையும் நீதான் கூட்டிட்டு வந்தியா?

— நான் யாரையும் கூட்டிட்டு வரல மேடம். இவ பெட்டி கட்டறான்னு மட்டும்தான் சொன்னேன். பல்லு தேய்க்கற இடத்துல நின்னு சொன்னேன். அதுக்கு மேல யார் யார் என்ன முடிவு பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது.

— நான் பெட்டி கட்டினா அவங்களுக்கு என்ன? முதல்ல நீ எதுக்கு எல்லார்கிட்டயும் போய்க் கணக்கைச் சொன்ன? உன்கிட்ட மட்டும்தானே நான் சொன்னேன்?

— கேளு, கேளு. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலடி. எனக்குச் சொல்ல வேண்டிய வேலையே இல்ல. நீ கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு எழுதிக்கிட்டே இருந்த. உன் முதுகுப் பக்கம் யார் யார் வந்து நின்னாங்கன்னு உனக்கெங்க தெரியும்? முதல்ல மூலை ரூம்காரி துணி எடுக்க வந்தா, அப்படியே நின்னுட்டா. அப்புறம் ஒவ்வொருத்தியா. கடைசியில மிஷின்மேல மூணு பேர் ஏறி உட்கார்ந்திருந்தாங்க. ட்ரையர் நின்னு போனதுகூட யாருக்கும் தெரியல. நீ திரும்பறதுக்கு முன்னாடி எல்லாரும் பூனை மாதிரி நழுவிட்டாங்க.

— ஏன் நழுவணும்?

— நீ பார்த்தா நிறுத்திடுவியே. அவ்வளவு அழகா சொன்ன. படிப்படியா, கூரையிலேருந்து மழையைக் கையைப் பிடிச்சு இறக்கிக் கொண்டுவந்த மாதிரி. கேட்டவளுக்கெல்லாம் 'அட, நமக்கு இது தோணலையே'ன்னு ஆயிடுச்சு.

— இப்பதான் புரியுது எனக்கு. புரொஃபசர் போன்ல என்கிட்ட இன்னொண்ணும் சொன்னார். ஏழெட்டுப் பேர் முதல்ல சரியாத்தான் எழுதியிருந்தாங்களாம். அதை அடிச்சுட்டு, தப்பா மாத்தி எழுதியிருக்காங்களாம். முப்பது வருஷத்துல இப்படிப்பட்ட முட்டாள்தனத்தைப் பார்த்ததில்லன்னு குதிச்சார்.

— சரியா இருந்ததை ஏன் அடிச்சாங்க?

— ஏன்னா ஒவ்வொருத்திக்கும் தன் மேல நம்பிக்கை இல்ல. உன்னை மாதிரியே. நீ என்னமோ நீ மட்டும்தான் கடைசியா உள்ளே வந்த மாதிரி பேசற. காலையிலேருந்து இந்த நாற்காலியில உட்கார்ந்து எத்தனை பேர் சொன்னாங்க தெரியுமா, 'மேடம், எனக்கு இங்க இடம் கிடைச்சதே ஏதோ தப்பு நடந்துதான்'னு? அந்த மேடைப் பேச்சுக்காரிகூடச் சொன்னா. முடிவுரையில சொன்னா. உங்களை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது? இருங்க, போன். ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு உட்காருங்க. அவர்தான்.

— பூட்டு, அந்த நாற்காலியில உட்காராதே, கால் ஆடும்.

— தெரியும். பேசாம இரு.

— சொல்லுங்க சார்... ஆமாம் சார், விசாரிச்சுட்டேன்... கண்டுபிடிச்சுட்டேன். ஒருத்தி இல்ல சார், பன்னிரண்டு பேர்... இல்ல சார், விளையாடல. பன்னிரண்டு பேரும் தனித்தனியா வந்து நான்தான் சொல்லிக் கொடுத்தேன்னு ஒத்துக்கிட்டாங்க... ஆமாம், தனித்தனியா. நீங்கதானே எதையும் தனித்தனியாச் செய்யச் சொன்னீங்க... கோபப்படாதீங்க சார், எனக்கு மட்டும் இது பொழுதுபோக்கா? படியில தண்ணி ஓடுது இங்க... பொய்தான் சொல்றாங்க, தெரியுது. எது பொய்யின்னுதான் தெரியல... சரி சார், தாராளமா எடுங்க. பன்னிரண்டு பேரையும் எடுத்துடுங்க. மிச்சம் இருக்கறது நாலு பேர். அதுல ஒருத்திக்கு அம்மை போட்டிருக்கு. மூணு பேருக்கும் முப்பத்தாறு பெஞ்சுக்கும் நீங்க பாடம் நடத்துங்க... என்ன சார்?... ம்... ம்... பூஜ்யம்னா எல்லாருக்குமா?... நியாயம்தான். வாங்கட்டும்... நாளைக்கு உங்க முன்னாடியே உட்கார்ந்து புதுக் கணக்கு எழுதணும். சரி. ஆளுக்கு ஒரு பெஞ்சு. சரி... ஜன்னல் பக்கம் யாரையும் உட்கார வைக்காதீங்க சார்... இல்ல, ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன். வச்சுடறேன்.

— மேடம், என்ன சொன்னார்?

— காது இருக்குல்ல உனக்கு? பன்னிரண்டு பேருக்கும் மூணாவது கணக்குக்குப் பூஜ்யம். நாளைக்கு வேற கணக்கு. யார் சீட்டும் போகல. போதுமா? சாவியை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கண்ணுல படாம ஓடுங்க.

— நான் போறேன் மேடம். அண்ணன் விடியற்காலையிலேயே வண்டியை எடுத்துட்டான். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவான்.

— சீட்டுதான் போகலையே. அப்புறம் எங்க போற?

— போகலதான். ஆனா என்னால எல்லாருக்கும் பூஜ்யம். எல்லாரும் எனக்காக வந்து உங்ககிட்ட பொய் சொல்லியிருக்காங்க. நான் யார் முகத்தைப் பார்த்து இங்க இருக்கறது? இது எனக்கு வேண்டாம் மேடம். தயவு பண்ணி விட்டுடுங்க.

— கடவுளே. பன்னிரண்டு பேரை ஒரு ஆள்கிட்டேருந்து காப்பாத்தி முடிக்கறதுக்குள்ள, உன்னை உன்கிட்டேருந்து காப்பாத்தணும் போலிருக்கே. அங்க யாரு வாசல்ல? பிளம்பரா? வந்துட்டீங்களா? இப்படியே நேரா மேல போங்க, நான் வர்றேன். படியில பார்த்து, வழுக்கும். இந்தா, ரெண்டு பேரும் கேளுங்க. நான் குழாயைப் பார்த்துட்டுத் திரும்பி வர்றேன். வரும்போது இந்தச் சாவி இந்த மேஜைல இருக்கக்கூடாது. வாசல்ல அந்தப் பெட்டியும் இருக்கக்கூடாது. என் டீயை யாரும் தொடாதீங்க.

— மேடம், அது ஆறிப் போச்சு.

— ஆறினா என்ன, நான் குடிச்சுக்கறேன்.

— பூட்டு.

— என்ன?

— மேடம் போயிட்டாங்க. இப்ப சொல்லு, நிஜமாவே போறியா?

— அண்ணன் வர்றான்னு சொன்னேன்ல?

— வரட்டும். சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பலாம். கேன்டீன்காரர்கிட்ட நான் சொல்றேன்.

— உனக்கு எல்லாமே விளையாட்டு. எனக்கு அப்படி இல்லடி. நாளைக்குச் சாப்பிடப் போவேன், அந்த மேஜைல பதினோரு பேர் உட்கார்ந்திருப்பீங்க. எல்லாருக்கும் என்னால பூஜ்யம். எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு நகர்ந்து இடம் கொடுப்பீங்க. அந்த இடத்துல உட்கார்ந்து எனக்குச் சோறு இறங்குமா?

— பரிதாபம் எங்கேருந்து வந்துச்சு இதுல? உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட யாருக்கும் நேரமில்லடி. எல்லாருக்கும் அவங்கவங்க பாடே பெரும்பாடு.

— அப்புறம் எதுக்கு வந்து பொய் சொன்னாங்க?

— அதை அவங்ககிட்டயே கேளு. கதவைத் திறந்து வச்சா அவங்களே வந்து சொல்லுவாங்க.

— இந்தக் கதவுப் பேச்சை விடறியா? மேடமும் அதையேதான் சொல்றாங்க. நான் உன்னை வெளிய போன்னு என்னிக்காவது சொன்னேனா? நீயா போய் வராந்தாவுல உட்கார்ந்துட்டு, என்னமோ நான் துரத்திவிட்ட மாதிரி.

— துரத்தல. ஆனா உள்ளே உட்கார்ந்தா நீ மூச்சு விடறதுகூட மெதுவாத்தான் விடற. உனக்குத் தொந்தரவா இருக்கேனோன்னு எனக்குத் தோணும். எங்க வீட்டுல நாங்க ஏழு பேர். எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவோம், யாரும் யாரையும் கேக்க மாட்டோம். இங்க வந்து ஒரே ஒருத்தி, அவளும் பேச மாட்டேங்கறா. நான் சொல்றதுக்கெல்லாம் 'ம்'. மிஞ்சிப் போனா 'அவ்வளவுதான்'. பைத்தியம் பிடிச்சிடும் போல இருந்துச்சு.

— சரி, என் தப்புதான். இப்ப நான் போயிடறேன், உனக்கு நல்லா பேசற ரூம்காரி கிடைப்பா. மேஜைலேருந்து எடுத்த சாவியைக் கொடு.

— தர மாட்டேன்.

— கொடுடி. மேஜைல வச்சுட்டுப் போயிடறேன்.

— தர மாட்டேன்னா தர மாட்டேன். அழறியா நீ?

— இல்ல.

— அழற.

— ஆமாம், அழறேன். இப்ப என்ன? எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன், ஹானர்ஸ்ல சேர்ந்திருக்கேன்னு. வந்த நாள்லேருந்து பயந்துக்கிட்டே இருந்தேன். என்னிக்காவது ஒரு நாள் நானும் எல்லாரையும் போலப் பேசுவேன்னு நினைச்சேன். அன்னிக்குத் துணி துவைக்கற ரூம்ல நீ கேட்டதும் எனக்கு என்னமோ பேச வந்துச்சு. பேசப் பேச நல்லா இருந்துச்சு. ராத்திரி படுக்கும்போதுகூட சந்தோஷமா இருந்துச்சு, அப்பாடா நமக்கும் ஒண்ணு தெரிஞ்சிருக்குன்னு. கடைசியில பார்த்தா ஒரே மழையை ரெண்டு தடவை பெய்ய விட்டிருக்கேன். அது எனக்குத் தெரியல, கேட்ட உங்க யாருக்கும்கூடத் தெரியல.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— தப்புன்னு தெரியும். அன்னிக்கே தெரியும். குழாய்த் தண்ணியைத் தனியாச் சேர்த்த பாரு, அப்பவே தெரியும். நான் அதுக்கு முந்தின நாளே அந்தக் கணக்கைப் போட்டு முடிச்சுட்டேன். சரியா வந்திருந்துச்சு.

— போட்டு முடிச்சுட்டு எதுக்கு என்கிட்ட வந்து கேட்ட?

— உன்கிட்ட வேற எதைக் கேக்கறது? சாப்பிட்டியான்னு கேட்டா 'ம்'. தலைவலிக்குதான்னு கேட்டா 'ம்'. கணக்கைக் கேட்டா ரெண்டு வார்த்தை கூட வரும்னு நினைச்சேன்.

— அப்ப உன் பேப்பர்லயும் மழை ரெண்டு தடவை பெய்யுதே. அது எப்படி?

— மாத்தி எழுதினேன். நான் மட்டும் சரியா எழுதியிருந்தா, மார்க் வரும்போது நீ பார்த்திருப்ப. தெரிஞ்சும் சொல்லாம விட்டிருக்கான்னு உனக்குத் தெரிஞ்சு போயிருக்கும். மத்தவங்க பின்னாடி நின்னு கேட்டு எழுதுவாங்கன்னு நான் நினைக்கல, சத்தியமா நினைக்கல. அதான் காலையில முதல் ஆளா மேடத்துகிட்ட ஓடினேன். அந்தப் பன்னிரண்டு பேர்ல உன்னை விட்டா நிஜத்தைச் சொல்ல வந்தவ நான் ஒருத்திதான். எழுதினது நான்தான்னு உன் பழியை முதல்ல ஏத்துக்கிட்டேன், மிச்சத்தைச் சொல்றதுக்குள்ள போன்னு அனுப்பிட்டாங்க.

— நான் பெட்டி கட்டற அளவுக்குப் போயாச்சு. எங்க அண்ணன் பாதி வழி வந்தாச்சு. பதினோரு பேருக்குப் பூஜ்யம். உனக்கு அன்னிக்கே தெரியும். ஒரே ஒரு வார்த்தை, 'தப்பு'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதை ஏன்டி சொல்லல?

— நீ என்கிட்ட பேசிக்கிட்டிருந்தியேடி. வந்த நாள்லேருந்து முதல் தடவையா, சிரிச்சுச் சிரிச்சு, அரை மணி நேரம். நடுவுல தப்புன்னு சொன்னா நிறுத்திடுவியேன்னு சும்மா இருந்துட்டேன்.